குகை முக்குளிப்பவர்களின் குணமும் உறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குகை முக்குளிப்பும் டெக்னிக்கல் டைவிங்கும் சாதாரண ஸ்கூபாவிலிருந்து எதில் வேறுபடுகின்றன?

நினைத்தவுடன் மேலே வர முடியாது என்பதில்தான். திறந்த கடலில், அதிக ஆழமில்லாத இடத்தில், ஏதாவது கோளாறு என்றால் மூச்சை விட்டபடி மேலே நீந்திவிடலாம். குகைக்குள் தலைக்கு மேலே பாறை. ஆழமான டெக்னிக்கல் டைவில் பாறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் உடலில் கரைந்த வாயு பாதுகாப்பாக வெளியேறுவதற்கு வழியில் பல இடங்களில், சில சமயம் மணிக்கணக்கில், நின்று நின்றுதான் ஏற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கூரை அது. பிரச்சினை எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடத்திலேயே தீர்க்க வேண்டும். உதவிக்கு இருப்பவர்கள் பக்கத்தில் வரும் ஒருவரோ இருவரோதான். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாகிவிடுகிறது.

உயிரைத் துச்சமாக நினைக்கும் சாகசப் பிரியர்கள்தானே இவர்கள்?

அப்படி நினைப்பவர்கள் முதலில் இவர்களுடைய தொழில்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குகை முக்குளிப்பின் மூலவர்களில் ஒருவரான ஷெக் எக்ஸ்லி கணித ஆசிரியர். 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய பன்னிரண்டு சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் மீட்டவர்களில் ரிக் ஸ்டான்டன் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், ஜான் வொலாந்தன் கணினித் துறை ஆலோசகர், ரிச்சர்ட் ஹாரிஸ் மயக்கவியல் மருத்துவர், கிரெய்க் சாலன் கால்நடை மருத்துவர். தென்னாப்பிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் குகையில் உயிரிழந்த டேவ் ஷா பயணிகள் விமானத்தின் விமானி. சரிபார்ப்புப் பட்டியலை ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே ஓட்டிப் பார்க்க வேண்டிய வேலைகள் இவற்றில் பல.

உளவியலாளர் மார்வின் ஸூக்கர்மன் 1960களிலிருந்து உருவாக்கிய அளவுகோல், பரபரப்பு தேடும் குணத்தை நான்காகப் பிரிக்கிறது: சிலிர்ப்புக்கான ஆசை, புதிய அனுபவங்களுக்கான ஆசை, கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் போக்கு, எளிதில் சலித்துப்போவது. புதியதைக் காணும் ஆசை இல்லாமல் யாரும் இருண்ட குகைக்குள் போக மாட்டார்கள், அது இருக்கட்டும். கடைசி இரண்டும் தூக்கலாக இருப்பவரோடு நான் நீரில் இறங்க மாட்டேன். வால்வை நூறாவது முறை திறந்து பார்க்கச் சலிப்படைகிறவருக்கு இந்தத் துறை இடம் தராது.

பிரிட்டன் ஆய்வாளர்கள் மேத்யூ பார்லோவும் டிம் வுட்மனும் மலையேறுபவர்களையும் வானிலிருந்து குதிப்பவர்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். குதிப்பவர்களிடம் சிலிர்ப்பு முன்னே நின்றது. மலையேறுபவர்களிடமோ, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வையும் தன் உணர்ச்சிகளைக் கையாளும் வாய்ப்பையும் தேடுவது முன்னே நின்றது. முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வல்ல அது. ஆனால் குகைக்காரர்களிடம் நான் பார்ப்பது மலையேறுபவர்களின் சாயலைத்தான்.

அப்படியானால் பயமே வராதா?

வரும். வராதவரோடு போகாதீர்கள்.

பயம் வேறு, பீதி வேறு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மார்கன் முக்குளிப்பவர்களின் பீதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் கேட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு முறையாவது நீருக்குள் பீதி அடைந்ததாகச் சொன்னார்கள். இயல்பிலேயே பதற்றம் அதிகமுள்ளவர்களுக்குப் பயிற்சியின்போது பீதி வரும் வாய்ப்பும் அதிகம் என்றும் அவர் காட்டினார். இந்த இயல்பு ஒருவரின் துணிச்சலைப் பற்றியது அல்ல. இடர் வந்தால் அவருடைய மூச்சு என்ன ஆகும் என்பதைப் பற்றியது.

ஏனென்றால் ஆழத்தில் பீதி மூச்சில்தான் தொடங்குகிறது. அங்கே சுவாசிக்கும் வாயு அடர்த்தியானது. வேகமாக, மேலோட்டமாக இழுத்தால் கரியமில வாயு முழுதாக வெளியேறாது, உடலில் தேங்கும். தேங்கிய கரியமில வாயுவே மூச்சுத் திணறும் உணர்வைத் தரும், அந்த உணர்வு மூச்சை இன்னும் வேகமாக்கும். சிலிண்டர் நிறையக் காற்று இருக்கும்போதே மூச்சு முட்டுவது போலத் தோன்றுவது இதனால்தான். இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே உணர்ந்து, கையில் இருக்கும் வேலையை நிறுத்தி, வாசலிலிருந்து வழிகாட்டக் கட்டி வந்த கயிற்றைப் பிடித்தபடி நான்கு முறை ஆழமாக மூச்சுவிடத் தெரிந்தவரைத்தான் நிதானமானவர் என்கிறோம். முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிட்ட கயிற்றை இருட்டில் தேடச் சொல்லும் பயிற்சிகள் எல்லாம் இதற்காகவே. பிறவிக் குணம் ஓரளவுதான்; மீதியைப் பழக்கம் தருகிறது.

இவர்கள் தனிமை விரும்பிகளா?

அது குகையைப் பொறுத்தது. இது தட்டிக்கழிக்கும் பதில் அல்ல.

பிரிட்டனில் குகை முக்குளிப்புக் குழு 1946இல் அமைந்தது. அங்குள்ள நீர்ச் சுரங்கங்கள் குறுகலானவை, சேறு நிறைந்தவை, குளிரானவை. பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கவே முடியாது. பல இடங்களில் எட்டவும் முடியாது. அவர் சிக்கிக்கொண்டால் உங்கள் வழியும் அடைபடும். ஆகவே ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் இரட்டையாகச் சுமந்துகொண்டு தனியாகப் போவதே அங்கே பாதுகாப்பு என்று வளர்ந்த மரபு இருக்கிறது. புளோரிடாவில் குகைகள் அகலமானவை, நீர் தெளிவானது. அங்கே குழுவாகப் போவதே ஒழுங்கு. ஒரு தரப்பைப் பார்த்து மறு தரப்பு தலையில் அடித்துக்கொள்வது இன்றும் உண்டு. இரு தரப்பின் சுபாவத்தையும் செதுக்கியது அவரவர் பாறைதான் என்பது என் எண்ணம்.

தனியாகப் போகும் மரபில் வளர்ந்தவர்களுக்கு உறவு தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்டான்டனும் வொலாந்தனும் 2004இல் இங்கிலாந்தின் வூக்கி ஹோல் குகையில் 76 மீட்டர் ஆழத்தை எட்டியவர்கள். தாம் லுவாங்கில் ஜூலை 2 அன்று சிறுவர்களைக் கண்டுபிடித்தபோது அவர்களுக்கிடையே பல ஆண்டுப் பழக்கம் இருந்தது. அத்தனை காலப் பழக்கத்துக்குப் பிறகு எதை எல்லாம் பேசத் தேவையில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். அமைதியானவர்கள் இந்தத் துறையில் அதிகம் தென்படுவது உண்மை. மேலேறும் வழியில், சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்தபடி 6 மீட்டரில் ஒரு மணி நேரம் சும்மா நிற்பது எல்லோருக்கும் பொறுக்காது.

எல்லாவற்றிலும் முக்கியமான குணம் எது?

திரும்பத் தெரிவது. திருப்பப்படும்போது மனம் கோணாமல் இருப்பது.

குகை முக்குளிப்பில் பரவலாக ஏற்கப்பட்ட விதி ஒன்று உண்டு: யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் டைவை முடித்துக்கொள்ளலாம். சைகை, மேல்நோக்கிய கட்டைவிரல். பார்த்தவர் அதையே திருப்பிக் காட்ட வேண்டும், வாசலை நோக்கித் திரும்ப வேண்டும். விளக்கம் கேட்கக் கூடாது, பேரம் பேசக் கூடாது, 'இன்னும் ஐந்து நிமிடம்' கிடையாது.

விதி இரண்டு வரிதான். அதன்படி நடப்பதில்தான் ஆளின் குணம் தெரியும். மாதக்கணக்கில் திட்டமிட்டு, விடுப்பு எடுத்து, பயணம் செய்து, விடியற்காலையில் எழுந்து வாயு கலந்து, கனமான சிலிண்டர்களைச் சுமந்து நீரில் இறங்கியிருப்பீர்கள். உள்ளே போய்ச் சில நிமிடங்களில் கூட்டாளி கட்டைவிரலைக் காட்டுகிறார். முகக்கண்ணாடிக்குள் கண் மட்டும்தான் தெரியும். உங்கள் கண்ணில் ஒரு நொடி எரிச்சல் தெரிந்தாலும் அவர் அதைப் படித்துவிடுவார். அடுத்த முறை சைகை காட்டும் முன் அரை நிமிடம் யோசிப்பார். அந்த அரை நிமிடத்தில் அவருடைய மூச்சு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

என்னோடு அடிக்கடி வரும் ஒருவர் ஒரு நாள், ரீலின் கயிற்றை முதல் பாறையில் கட்டி முடித்த உடனேயே கட்டைவிரலைக் காட்டினார். நீர் பளிங்கு போல் இருந்தது. காற்று நிறைய இருந்தது. கரையேறி, துடுப்புக் காலணிகளைக் கழற்றியபடி, "இன்று மனம் ஒட்டவில்லை" என்றார். சரி என்றேன். சிலிண்டர்களைக் கழற்றி வண்டியில் ஏற்றினோம். அவருடைய தந்தை அப்போது மருத்துவமனையில் இருந்தார் என்பது எனக்குப் பல வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றே சொல்லியிருக்கலாமே என்று நான் நினைக்கவில்லை. காரணம் சொல்லாமல் திரும்ப முடிகிற உறவு என்றால் அது இப்படித்தான் இருக்கும்.

'மூன்றில் ஒரு பங்கு' விதிக்கும் உறவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. இந்தத் துறையில் உறவு என்ன என்பதைக் கணக்காகவே எழுதிவைத்த விதி அது.

இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, மூன்றாவது பங்கு கூட்டாளிக்கு. தனக்கான சேமிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். குழு டைவில் அதன் முதல் நோக்கம், கூட்டாளியின் காற்று முழுதாகப் போய்விட்டால் இருவரும் அதில் வெளியேறுவது.

கணக்கைப் போட்டே பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டர்கள் இரண்டு, 200 பார் அழுத்தம்: 4,800 லிட்டர் காற்று. ஒரு பங்கு 1,600 லிட்டர். நீரின் மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால் 80 லிட்டர் இழுப்பார். 1,600 லிட்டர் தீர 20 நிமிடம். அந்தக் கடைசிப் புள்ளியில் கூட்டாளியின் காற்று போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 3,200 லிட்டர் இருக்கிறது. இருவர் சேர்ந்து நிமிடத்துக்கு 160 லிட்டர். சரியாக 20 நிமிடம் வரும். வாசலும் 20 நிமிடத் தொலைவில்தான்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இருவரும் உள்ளே வந்தபோது இருந்த அதே நிதானத்தோடு மூச்சுவிட வேண்டும். பதற்றத்தில் இருவரும் 20க்குப் பதிலாக 30 லிட்டர் இழுத்தால், ஆழத்தில் அது மொத்தம் 240 லிட்டர் ஆகிறது. 3,200 லிட்டர் 13 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாசலுக்கு இன்னும் ஏழு நிமிடம் இருக்கும்.

அதாவது, உங்கள் கூட்டாளியின் மன அமைதி உங்கள் சிலிண்டரில் இருக்கும் காற்றின் ஒரு பகுதி. நீரோட்டம் இல்லாத குகைகளிலும், கூட்டாளி புதியவராக இருக்கும்போதும் அனுபவசாலிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக எடுத்துக்கொண்டு முன்கூட்டியே திரும்புவது இதனால்தான். இரண்டு பேரின் சிலிண்டர் அளவு வேறுபட்டால் குறைவாக வைத்திருப்பவரின் கணக்கே குழுவின் கணக்கு. அதிகம் வைத்திருப்பவர் இதை முணுமுணுக்காமல் ஏற்கிறாரா என்று கரையிலேயே பாருங்கள்.

நீருக்குள் பேச முடியாதே, எப்படி ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள்?

பெரும்பாலும் விளக்கால். பின்னால் வருபவரின் ஒளிவட்டம் உங்களுக்கு முன்னே சுவரில் விழுந்து மெல்ல அசைந்துகொண்டிருக்கும். அது அங்கே இருக்கும்வரை அவர் இருக்கிறார், நலமாக இருக்கிறார். மெதுவாக வட்டம் போட்டால் எல்லாம் சரி. வேகமாகப் பக்கவாட்டில் அடித்தால் ஆபத்து. பழகிய ஜோடியில், ஒளி அசையும் விதத்திலிருந்தே மற்றவர் சோர்ந்திருக்கிறாரா, பதறுகிறாரா என்று சொல்லிவிடலாம்.

சேறு கிளம்பி ஒளியும் போய்விட்டால் தொடுகைதான் மிச்சம். முன்னே இருப்பவர் கயிற்றை விரல்களால் வளையமிட்டுப் பிடித்துக்கொள்வார். பின்னே இருப்பவர் ஒரு கையைக் கயிற்றிலும் மறு கையை அவருடைய காலிலோ தோளிலோ வைத்திருப்பார். முன்னே தள்ளினால் போகலாம். பின்னே இழுத்தால் திரும்பு. இறுக்கிப் பிடித்தால் நில். கண் முன்னே பழுப்பு நிறத்தைத் தவிர எதுவும் இல்லை. கேட்பதெல்லாம் தன் மூச்சின் சத்தம். கெண்டைக்காலில் ஒரு கை. அந்தக் கை அவசரப்படாமல், இறுகாமல், ஒரே சீராக இருந்தால் முன்னே இருப்பவரின் மூச்சும் தானாகச் சீராகும். இதை எத்தனை முறை உணர்ந்தாலும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

அனுபவசாலி ஒருவரை நம்பிப் பின்னால் போனால் போதாதா?

போதாது. 'என்னை நம்பி வா' என்று அழைத்துப் போகும் டைவ்கள் பலரைக் கொன்றிருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் அதே டைவை உங்களால் முடிக்க முடியாது என்றால், வழிகாட்டியோடும் அதைச் செய்யாதீர்கள். அவருக்கு ஏதாவது ஆனால் நீங்கள் தனியாள்.

இன்னொரு ஆபத்து, மூத்தவர் எதிரே இளையவர் வாய் திறக்காமல் இருப்பது. விமானத் துறை இதைக் கசப்பான விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃபில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருக்கும் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் கேட்டார். மூத்த விமானி அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட்டார். கீழே இருப்பவர் கேள்வி கேட்கவும் மேலே இருப்பவர் செவிகொடுக்கவும் அதன் பிறகு விமானக் குழுவினருக்குப் பயிற்சி தரப்பட்டது. டெக்னிக்கல் டைவிங் உலகம் அந்தப் பயிற்சியை இப்போதுதான் மெல்லத் தன்னுடையதாக்கிக்கொண்டு வருகிறது.

சேலஞ்சர் விண்கல விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வான், விதிமீறல் எப்படி மெல்ல மெல்ல இயல்பாகிவிடுகிறது என்பதைக் காட்டினார். ஒரு முறை வழிக்கயிற்றைத் திறந்த நீர் வரை கட்டாமல் போனீர்கள், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறையும் ஆகவில்லை. மூன்றாவது முறைக்குள் அதுவே உங்கள் இருவரின் வழக்கமாகிவிடும். ஒருவரையொருவர் மிகவும் விரும்பும் ஜோடிகளுக்குத்தான் இது எளிதில் நேர்கிறது. நல்ல நட்பு சில சமயம் இருவர் கண்ணையும் ஒரே திசையில் மூடிவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மூன்றாவது ஆள் ஒருவரோடு, முடிந்தால் கண்டிப்பான ஒருவரோடு, இறங்குங்கள்.

கணவன் மனைவியோ தந்தை மகனோ சேர்ந்து போகலாமா?

போகலாம். ஆனால் வீட்டு உறவைக் கரையில் விட்டுவிட்டு இறங்கத் தெரிய வேண்டும். அது எல்லோராலும் முடிவதில்லை.

1992 அக்டோபர் 12 அன்று, பின்னாளில் யூ-869 என்று அடையாளம் காணப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் சிதைவில், நியூ ஜெர்சிக்கு அப்பால் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில், கிறிஸ் ரவுஸும் அவருடைய மகன் கிறிஸ்ஸியும் இறங்கினார்கள். இருவரும் குகைப் பயிற்சி பெற்றவர்கள். ஓயாமல் சண்டை போட்டுக்கொள்வதற்கும், ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த பாசத்துக்கும் சேர்த்தே பெயர் பெற்றவர்கள். சாதாரணக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மயக்கும். உள்ளே மகன் சரிந்த பொருளின் அடியில் சிக்கினார். தந்தை போராடி அவரை விடுவித்தார். வெளியே வந்தவர்கள் வழி தடுமாறி, மேலேறும் வழிக்காக வைத்திருந்த சிலிண்டர்களைக் கண்டுபிடிக்க முடியாமல், கரைந்த வாயு வெளியேறுவதற்கான டிகம்ப்ரஷன் நிறுத்தம் எதுவும் இல்லாமல் நேராக மேலே வந்தார்கள். இருவருமே பிழைக்கவில்லை.

அந்தத் தந்தை செய்ததைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. எந்தத் தந்தையும் அதைத்தான் செய்திருப்பார். அதனால்தான் குடும்பமாக இறங்குபவர்கள் முன்யோசனையோடு இருக்க வேண்டும் என்கிறேன். எந்த நிலையில் நான் உன்னை விட்டுவிட்டு உதவி தேடிப் போக வேண்டும், நீ என்னை எப்போது விட வேண்டும் என்பதைக் கரையிலேயே, கண்ணைப் பார்த்து, பேசி முடித்திருக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தாங்காத உறவு அந்த டைவைத் தாங்காது. சிறு பிள்ளைகள் உள்ள சில தம்பதியர் ஒரே நேரத்தில் ஒரே குகைக்குள் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அது நியாயமான முடிவு.

காலையில் சண்டை போட்டீர்களா? அன்று வேண்டாம். வேறொருவரோடு போங்கள், அல்லது வீட்டிலேயே இருங்கள்.

ஒருவர் மட்டும்தான் வெளியேற முடியும் என்றால் யார் போவது என்பதை எப்படித் தீர்மானிப்பார்கள்?

2017 ஏப்ரலில் மயோர்க்கா தீவின் சா பிகேட்டா குகையில் நடந்ததைச் சொல்கிறேன். ஷிஸ்கோ கிரேசியாவும் கில்லெம் மஸ்கரோவும் திரும்பும் வழியில் வழிக்கயிறு அறுந்திருப்பதைக் கண்டார்கள். தேடித் தேடி நீர் கலங்கியது, காற்று கரைந்தது. குகைக்குள்ளேயே காற்று தங்கியிருந்த ஓர் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மீதமிருந்த காற்று ஒருவர் வெளியேறத்தான் காணும். மஸ்கரோ மெலிந்தவர், குறைவாகக் காற்று இழுப்பவர். கிரேசியாவுக்குக் கரியமில வாயு மிகுந்த குகைக் காற்றைச் சுவாசித்த பழக்கம் இருந்தது. ஆகவே மஸ்கரோ போவது, கிரேசியா இருப்பது.

மஸ்கரோ வெளியேறித் தகவல் சொன்னார். மீட்பவர்கள் வந்து சேரும்வரை கிரேசியா இருட்டில் அறுபது மணி நேரம் காத்திருந்தார், உயிரோடு மீட்கப்பட்டார். அந்த முடிவில் தியாகப் பேச்சு எதுவும் இல்லை என்பதுதான் என்னைத் தொடுகிறது. எந்த ஏற்பாட்டில் இருவரும் பிழைப்பார்கள் என்று மட்டும் பார்த்தார்கள். காத்திருந்தவருக்கு, போனவர் வந்தே தீருவார் அல்லது ஆளை அனுப்பியே தீருவார் என்ற நம்பிக்கை வேண்டும். போனவருக்கு, பதறாமல் போய்ச் சேரும் திடம் வேண்டும்.

இறந்தவர்களின் உடலை எடுக்க ஏன் மறுபடியும் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்?

வெளியே இருப்பவர்களுக்குப் புரியாத கேள்வி இது. உள்ளே இருப்பவர்களிடமும் ஒருமித்த பதில் இல்லை.

பூஸ்மன்ஸ்காட்டில் 1994 டிசம்பரில் டியோன் டிரேயர் என்ற இளைஞர் இறந்தார், உடல் கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 270 மீட்டர் ஆழத்தில் டேவ் ஷா அதைக் கண்டார். பெற்றோருக்கு அவர்கள் மகனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2005 ஜனவரி 8 அன்று மீண்டும் இறங்கினார். அசையாமல் கிடக்கும் என்று நினைத்த உடல் மிதக்கத் தொடங்கியது, கயிறு சிக்கியது, உழைப்பில் மூச்சு வாங்கியது, கரியமில வாயு தேங்கியது. அவர் திரும்பவில்லை. அவரைத் தேடித் திட்டத்தைவிட ஆழமாகப் போன நண்பர் டான் ஷெர்லிக்கு ரீபிரீதரின் (வெளிவிடும் மூச்சைச் சுத்தப்படுத்தி மீண்டும் சுவாசிக்கத் தரும் கருவி) கட்டுப்பாட்டுக் கருவி பழுதானது. பின்னர் உள்காதில் குமிழி புகுந்து தலைசுற்றல் தாக்கியது. நீருக்குள்ளேயே பல மணி நேரம் தவித்து அவர் பிழைத்தார். சில நாள் கழித்துக் குழுவினர் கயிறுகளை இழுத்தபோது ஷாவின் உடலும் டிரேயரின் உடலும் சேர்ந்தே மேலே வந்தன.

2014 பிப்ரவரியில் நார்வேயின் புளூரா குகையில் பின்லாந்தைச் சேர்ந்த ஐவரில் இருவர் இறந்தார்கள். அழைக்கப்பட்ட பிரிட்டன் மீட்பாளர்கள் ஆபத்து மிக அதிகம் என்று கைவிட்டார்கள். காவல்துறை குகைக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே, உயிர்பிழைத்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும் தடையை மீறி இறங்கி இரு உடல்களையும் கொண்டுவந்தார்கள்.

இறந்தவருக்காக இன்னோர் உயிர் போகக் கூடாது என்றுதான் நான் நம்புகிறேன். பிரிட்டன் குழு எடுத்த முடிவுக்கும் அதே அளவு மனவுறுதி வேண்டும். ஆனாலும் பின்லாந்துக்காரர்களைக் கண்டிக்க என்னால் முடியவில்லை. அவர்கள் உணர்ச்சிவசப்பட்டுக் குதிக்கவில்லை. பெரிய குழு அமைத்து, ஒவ்வொரு மீட்டருக்கும் திட்டம் போட்டு இறங்கினார்கள். மூன்றாவது பங்குக் காற்று கூட்டாளிக்கு என்று ஆண்டுக்கணக்கில் பழகிய மனம், கூட்டாளியின் மூச்சு நின்றதும் அந்தக் கணக்கை மூடிவிடாது.

இவ்வளவு நெருக்கமானவர்கள் ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள்?

உபகரணத்தின் மீதான சண்டைகள் 1990களில் புளோரிடாவில் உச்சத்துக்குப் போயின. குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி உபகரணத்தை ஒரே இடத்தில் அணிய வேண்டும் என்று ஒரு தரப்பு கறாராக நின்றது. கொள்கை சரியானது: காற்றைப் பகிர்ந்துகொள்ள உதவும், கூட்டாளியின் 2 மீட்டர் நீளக் குழாய் எங்கே இருக்கிறது என்று இருட்டில் யோசிக்க நேரமில்லை. சொன்ன விதம் பலரைப் புண்படுத்தியது, அந்த வடு இன்னும் ஆறவில்லை. பரிதாபம்தான்.

அதைவிட மோசமானது, ஒரு மரணம் நடந்த மறுநாளே இறந்தவர் எங்கே தவறினார் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதுவது. 'நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன்' என்று தன்னைத் தேற்றிக்கொள்ளும் அவசரம் அது. எக்ஸ்லி வேறு வழி காட்டினார். 1979இல் அவர் வெளியிட்ட சிறு கையேடு, விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, வாசல் வரை தொடரும் கயிறு இருந்ததா, மூன்றில் ஒரு பங்கு விதி காக்கப்பட்டதா, ஆழம் மீறப்பட்டதா என்று நிதானமாகக் கேட்டது. அந்தக் கேள்விகளால் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அவரே 1994இல் மெக்ஸிகோவின் சகத்தோன் குகையில் இறந்தார் என்பதால் அந்தக் கேள்விகளின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

இது ஆண்களின் உலகமா?

எண்ணிக்கையில் ஆண்கள் அதிகம். சாதனையில் அப்படிச் சொல்ல முடியாது. கனடாவின் ஜில் ஹைனர்த் 2001இல் அண்டார்க்டிக் பனிப்பாறைக்குள் இருந்த குகைகளில் நீந்தியவர். தென்னாப்பிரிக்காவின் வெர்னா வான் ஸ்கைக் 2004இல் பூஸ்மன்ஸ்காட்டில் 221 மீட்டரை எட்டினார்.

நான் முக்குளிப்பதில்லை, என் துணைவர் போகிறார். நான் என்ன கேட்க வேண்டும்?

'ஜாக்கிரதையாக இருப்பாயா' என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். யாரோடு போகிறாய், அவரை எத்தனை காலமாகத் தெரியும், எத்தனை மணிக்கு அழைப்பாய், அழைப்பு வராவிட்டால் நான் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பதில்கள் எழுத்தில் இருக்கட்டும். காப்பீடும் அப்படியே. கடைசியாக எப்போது பாதியில் திரும்பினாய் என்றும் கேளுங்கள். சமீபத்தில் ஒரு முறைகூட இல்லை என்றால் கவலைப்படக் காரணம் இருக்கிறது.

முக்குளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மயிரிழையில் தப்பியதை வீட்டில் மறைக்காதீர்கள். மறைத்தது ஒரு நாள் வேறொருவர் வாயிலிருந்து வரும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் 'எல்லாம் நன்றாகப் போனது' எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஒரு கூட்டாளியோடு இனி வேண்டாம் என்று தோன்றினால் எப்படிச் சொல்வது?

நிலத்தில், நேரில், அடுத்த பயணம் பேச்சுக்கு வரும் முன்பே. குணத்தைக் குறைசொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள்: 'சென்ற முறை திரும்ப வேண்டிய அழுத்தம் தாண்டியும் போனாய், நான் விளக்கை அசைத்தும் பார்க்கவில்லை.' அவர் அதைக் கேட்டுக்கொண்டு, தன் குறிப்பேட்டை எடுத்து அன்றைய எண்களைச் சரிபார்த்தால் இன்னும் ஒரு வாய்ப்புத் தரலாம். ஆழமில்லாத, அகலமான, இருவருக்கும் பழக்கமான குகையில். சிரித்து மழுப்பினால் தர வேண்டாம். நட்பைத் தொடருங்கள், டைவை நிறுத்துங்கள். இருவரும் வேறு வேறு கூட்டாளிகளோடு இறங்கி, மாலையில் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொள்ளும் பழைய ஜோடிகள் இந்தத் துறையில் நிறைய உண்டு.